வெயிலுக்கே முதல் மரியாதை

வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகளை இயற்கை வெளிச்சத்தில் படம் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்று மட்டும் கேட்ட அன்பர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பதில்: முதலில் ஒரு தொப்பி வாங்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வலசை என்றால் பறவைகள் போவதுதானே? பூச்சிக்கு ஏன் இந்த ஊர் சுற்றும் ஆசை?
— வங்கி ஊழியர், கரூர்

ஆசையெல்லாம் இல்லை, மழைதான் காரணம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் நாள் கணக்கில் கொட்டித் தீர்க்கும். வெயில் படாவிட்டால் வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறாது. சூடேறாவிட்டால் பறக்க முடியாது. பறக்காவிட்டால் தேனும் கிடையாது, துணையும் கிடையாது. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வாக்கில் மலையை விட்டு இறங்கி, கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் கிளம்பிவிடுகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வாக்கில் கூட்டம் எதிர்த்திசையில், மேற்கே நகரும். போனவையே திரும்பி வருவதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கிழக்கே பிறந்த வாரிசுகள்தான், வழி கேட்காமலே பாட்டி ஊருக்குப் போய்ச் சேரும் பேரப்பிள்ளைகள் மாதிரி வந்து நிற்கின்றன.

எங்கே போனால் கண்ணில் படும்? லீவு போட வேண்டும், நிச்சயமான தேதி சொல்லவும்.
— தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்

தேதி சொன்னால் நான் ஜோசியன் ஆகிவிடுவேன். மழை முன்பின் ஆனால் இவையும் முன்பின் ஆகும். இடம் வேண்டுமானால் சொல்லலாம்: மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு, சிறுவாணி அடிவாரம், ஆனைகட்டி, கிழக்கே ஏற்காடு, கொல்லிமலை. நீங்கள் இருப்பதே இந்த இரண்டு மலைத்தொடருக்கும் நடுவில். லீவே போட வேண்டாம். சீசனில் காலை பத்து மணிக்கு ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கருப்பாக ஒன்று, அதே திசையில் இன்னொன்று, அரை நிமிடத்தில் மூன்றாவது என்று கடந்துபோனால், உங்கள் தலைக்கு மேல் வலசை நடக்கிறது. மேனேஜர் கேட்டால் டீ பிரேக் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டத்தில் யார் யார் போகிறார்கள்? எனக்கு எல்லாமே ‘கருப்புப் பூச்சி’தான்.
— இல்லத்தரசி, நாமக்கல்

கருப்பில் நான்கு முகங்களைப் பழகிக்கொண்டால் போதும். கருநீல வரியன், நீல வரியன் என்று வரிக்காரர்கள் இரண்டு பேர். வெண்புள்ளிக் கருப்பன், டபுள் பிராண்டட் குரோ என்று கருப்பர்கள் இரண்டு பேர். வரியன்களில், நீலக் கோடுகள் அகலமாக, வெளிறி இருந்தால் நீல வரியன். கோடுகள் ஒல்லியாகி, கருப்பு தூக்கலாக இருந்தால் கருநீல வரியன். கருப்பர்கள்தான் சோதிப்பார்கள். ஆண் டபுள் பிராண்டட் குரோவின் முன்சிறகு மேற்புறத்தில் இரண்டு கீற்றுகள் இருக்கும். சிறகை மூடி உட்கார்ந்துவிட்டால் அது தெரியாது. காலை இளவெயிலில் சிறகை விரித்துக் குளிர் காயும்போது மேலிருந்து ஒரு படம், மூடியபின் பக்கவாட்டில் ஒரு படம் என்று இரண்டும் எடுங்கள். பெயர் சொல்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஐந்து மணிக்கே அலாரம் வைத்து எழுந்தால் ஒரு பூச்சியையும் காணோம்.
— கல்லூரி மாணவர், ஈரோடு

ஐந்து மணிக்கு எழுவது பறவை பார்ப்பவர்களின் நோய். வண்ணத்துப்பூச்சி அரசு அலுவலக நேரத்துக்குத்தான் வரும். பல இனங்களுக்கு மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறினால்தான் சரியாகப் பறக்க வரும். அதற்குச் சூரியன் மலையைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, அந்தக் கிளை மீது விழ வேண்டும்.

ஆகவே உங்கள் நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் விழுந்த முதல் அரை மணி நேரம், சிறகு விரித்துக் குளிர் காய்பவர்களைப் படம் எடுக்க. ஓடாது, பறக்காது, வெளிச்சமும் சாய்வாக வரும். அதற்குப் பிறகு மதியம் வரை, பறப்பவர்களை எடுக்க. சாயங்காலம் வெயில் இறங்கும்போது, ஓடை ஓரப் புதர்களிலும் காய்ந்த கொடிகளிலும் இரவு தங்கக் கூடுகிறவர்களை எடுக்க. வெயிலின் அட்டவணை தெரிந்துவிட்டால் கேமரா பற்றிய பாதிக் கேள்விகள் தானாக ஓடிப்போகும். உங்கள் எஜமானும் பூச்சியின் எஜமானும் ஒருவரேதான், மேலே இருக்கிறார்.

மேக்ரோ லென்ஸா, ஜூம் லென்ஸா?
— நகைக்கடை உரிமையாளர், கோவை

உட்கார்ந்திருந்தால் மேக்ரோ. உட்காராமல் போனால் ஜூம். ஆயிரக்கணக்கில் போனால் வைட் ஆங்கிள். பணம் ஒன்றுக்குத்தான் இருந்தால் 70-300 ஜூம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றே எடுக்கலாம், அதற்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பறக்கும்போது எடுத்தால் சிறகு இருக்கும் இடத்தில் புகை மாதிரி ஏதோ வருகிறது. ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வைக்க வேண்டும்?
— ஸ்டூடியோ வைத்திருப்பவர், தர்மபுரி

1/2000-க்குக் கீழே இறங்காதீர்கள். 1/3200 இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவு வேகத்துக்கு வெளிச்சம் எங்கே போவது என்று பயப்பட வேண்டாம், நம் ஊர் வெயில் இருக்கிறது. பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்: பளிச்சென்ற வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண்தான் ஷட்டர் ஸ்பீடு. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16-க்கு 1/400. அதையே எஃப் 8-க்குத் திறந்தால் 1/1600. எஃப் 5.6-க்குத் திறந்தால் 1/3200. ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் எஃப் 8-லேயே 1/3200 கிடைத்துவிடும். மீட்டரைப் பார்க்காமலே வயலில் நின்று மனக்கணக்காகப் போடலாம்.

இன்னொன்று. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டு, ‘சிறகு வளைந்து வருகிறதே’ என்று சிலர் புலம்புவார்கள். சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. சிறகில் கோளாறு இல்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

ஆட்டோ ஃபோகஸ் பூச்சியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மலையைத்தான் பிடிக்கிறது. மலை எங்கேயும் போகப் போவதில்லையே!
— போலீஸ்காரர், சேலம்

கேமராவுக்கும் தப்பி ஓடாதவரைப் பிடிப்பதில்தான் சுகம். பூச்சியைத் துரத்தாமல் அதன் பாதையில் காவல் நில்லுங்கள். வலசைக்கூட்டம் தாறுமாறாகப் பறக்காது. ஒரே திசை, பல சமயம் வேலி இடைவெளி, ஓடைப் பள்ளம், சாலை வளைவு என்று ஒரே சந்தும்கூட. பத்து நிமிடம் சும்மா பார்த்தால் எந்தச் சந்து என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புல்லில் மேனுவலாக ஃபோகஸ் வைத்து, எஃப் 8 அல்லது எஃப் 11 போட்டு, பூச்சி நெருங்கும்போது பர்ஸ்டில் அழுத்துங்கள். உங்கள் துறையில் இதற்கு ‘செக்போஸ்ட்’ போடுவது என்று பெயர் இருக்குமே!

பூவிலிருந்து எழும்பும் நொடி வேண்டுமென்றால், பல புதிய கேமராக்களில் ப்ரீ-கேப்சர் என்று ஒரு வசதி உண்டு. பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்போதே படங்களைத் தொடர்ந்து எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் முழுதாக அழுத்தும்போது, அதற்கு முந்தைய சில நொடித்துளிகளும் கைக்கு வரும். தாமதமாக வந்தாலும் குற்றவாளியைப் பிடிக்கும் ஒரே வழி இது.

என்னிடம் செல்போன்தான் இருக்கிறது. சிரிக்காமல் பதில் சொல்லவும்.
— பத்தாம் வகுப்பு மாணவி, கொல்லிமலை

சிரிக்கவில்லை. பொறாமைப்படுகிறேன், நீ கொல்லிமலையில் இருக்கிறாய். திரையில் பூச்சியின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியப் படத்தைக் கொஞ்சம் கீழே இழு, சிறகின் வெள்ளைப் புள்ளிகள் வெளுத்துப்போகாது. இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்காதே, அது படத்தைக் கத்தரிக்கும் வேலை. டெலி லென்ஸ் இருந்தால் அதற்கு மாறு, இல்லாவிட்டால் மெதுவாக நெருங்கு. திரையைத் தட்டி எடுக்கும்போது கை ஆடுகிறதா, வால்யூம் பட்டனில் எடு. பறப்பதை எடுக்க ஸ்லோ மோஷன் வீடியோ. நல்ல வெயிலில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் இருந்தால், சிறகு மேலே போவதும் கீழே வருவதும் தனித்தனியாகத் தெரியும். பெரிய லென்ஸ்காரர்கள் உன்னிடம் வந்து காட்டச் சொல்லிக் கேட்பார்கள். காட்டாதே.

வெண்புள்ளிக் கருப்பனை எடுத்தால் ஒன்று கரிக்கட்டை, இல்லாவிட்டால் சாம்பல். நடுவில் ஒன்றும் கிடையாதா?
— பல் டாக்டர், திண்டுக்கல்

கேமரா மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கை. திரை முழுக்கக் கருப்புச் சிறகு நிறைந்தால், ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தை ஏற்றிச் சாம்பலாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 வையுங்கள். கொன்னை வெள்ளையன் மாதிரி வெளிறிய இனங்களும் கூட்டமாக வலசை போவதுண்டு. அங்கே கதை தலைகீழ், +0.7 வேண்டும்.

கரிக்கட்டை வருவது உச்சிவெயில் நிழலால். கருப்பன் உண்மையில் கருப்பே இல்லை. சாய்வு வெயிலில் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: சிறகு பட்டுத்துணிப் பளபளப்போடு பழுப்பு, ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், கரிய மார்பிலும் தலையிலும் அதே வெள்ளையில் பொட்டுப் பொட்டாக. பளபளப்பு உங்கள் பக்கம் திரும்பும்வரை அரை அடி இடமோ வலமோ நகர்ந்து பாருங்கள். பூச்சியை நகர்த்த முடியாது, நோயாளியை மாதிரி வாயைத் திறக்கச் சொல்லவும் முடியாது.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று போட்டோகிராபி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சரியா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

பள்ளி குரூப் போட்டோவுக்குச் சரி. நீல வரியனுக்குத் தப்பு. அதன் சிறகில் நீலமாகத் தெரியும் திட்டுகளில் செதில்கள் அடர்த்தி குறைவு. கண்ணாடி ஜன்னலைப் போல வெளிச்சம் ஊடுருவும். சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும்படி நின்று, நிழல் விழுந்த மலைச்சரிவையோ இருண்ட மரத்தையோ பின்னணியாக வைத்துக்கொண்டால், கருப்பு வரிகளுக்கு நடுவே அந்தத் திட்டுகள் விளக்குப் போட்டது மாதிரி எரியும். லென்ஸின் கண்ணாடியில் வெயில் நேராக விழாமல் ஹூட் போடுங்கள், ஹூட் இல்லாவிட்டால் கையை மறைப்பாக நீட்டுங்கள். வகுப்பெடுத்தவரிடம் இந்தப் படத்தைக் காட்டும்போது சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் படம் எடுப்பதே பாவம் என்கிறார்கள்.
— புகைப்பட மன்ற உறுப்பினர், மதுரை

பாவம் என்று சொல்பவர்கள் மதியம் தூங்கப் பிரியப்படுகிறவர்கள். வலசை மும்முரமாக நடப்பதே பலநாள் முற்பகலிலிருந்து மதியம் வரைதான். அந்த நேரத்தில் உருவப்படம் எடுக்கப் போனால் நிழல் கடுமையாக விழும், உண்மை. அதற்குப் பதில் தலைக்கு மேல் கடக்கும் சிறகுகளை ஆகாயத்தோடு சேர்த்து எடுங்கள். உச்சிவெயில் சிறகு வழியாக ஊடுருவிக் கீழ்ப்பக்கம் நிறம் காட்டும். மெல்லிய மேகம் மறைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். வெளிச்சம் பந்தல் போட்டது போல் பரவும், பறப்பவை இறங்கி உட்காரும். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நெருங்கினாலே பறந்துவிடுகிறது. என் மீது ஏதாவது தனிப்பட்ட விரோதமா?
— நாடக நடிகர், புதுச்சேரி

உங்கள் நிழலோடுதான் விரோதம். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் பார்க்கும். அசைவை நம்மைவிட வேகமாகப் பிடிக்கும். சூரியன் எங்கே, உங்கள் நிழல் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். நிழல் அதன் மீது விழுந்தால் கதை முடிந்தது. நின்றுகொண்டு போகாமல், குனிந்து, அது தேன் குடிக்க ஆரம்பித்தபின், இரண்டடி போய் ஒரு நிறுத்தம் என்று போங்கள். கையைத் திடீரென்று தூக்க வேண்டாம். உணர்ச்சிவசப்பட்டு வசனம் பேசவும் வேண்டாம்.

இந்த வரியன்களும் கருப்பன்களும் பொதுவாகவே அவசரப்படாதவை. புழுப் பருவத்தில் அரளி மாதிரிச் செடிகளைத் தின்று உடம்பில் விஷம் சேர்த்து வைத்திருப்பதால், பறவைகள் கொத்தாது என்ற தைரியம். மெதுவாக, மிதந்து, அலட்சியமாகப் பறக்கும். படம் எடுக்கப் பழகுகிறவருக்கு இதைவிடக் கருணையுள்ள பூச்சி கிடையாது.

ஒரு காய்ந்த செடியில் பத்திருபது நீல வரியன்கள் மொய்த்தன. பூவே இல்லை. என்ன விசேஷம்?
— விவசாயி, சத்தியமங்கலம்

செடி கிலுகிலுப்பையா பாருங்கள். தேள்கொடுக்குச் செடியாகவும் இருக்கலாம். அங்கே நடப்பது விருந்து இல்லை, மருந்துக்கடை வியாபாரம். காய்ந்த, நசுங்கிய செடியிலிருந்து ஒருவகை ஆல்கலாய்டுகள் கசியும். ஆண்கள் வந்து கால்களால் பிறாண்டி, உறிஞ்சுகுழலை ஒற்றி ஒற்றி அதைச் சேர்த்துக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்க வேண்டும். அத்தர் வாங்க வந்த கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க இதைவிட வசதி வராது. வேலையில் மூழ்கியிருக்கும்போது அரை மீட்டர் வரை விடும். செடியின் பக்கவாட்டில் உட்கார்ந்து, கேமராவின் பின்புறம் மூடிய சிறகுக்கு நேர் இணையாக இருக்கும்படி பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு சிறகு முனை மங்கிவிடும். எஃப் 8, கண்ணில் ஃபோகஸ். நெளியும் குழல் நுனி காய்மீது படும் நொடிக்குக் காத்திருங்கள். உங்கள் வயல் வரப்பில் கிலுகிலுப்பை முளைத்தால் அடுத்தமுறை களைக்கொல்லி அடிக்குமுன் என் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் என்ன குற்றம்?
— திருமண போட்டோகிராபர், திருச்சி

பட்டப்பகலில் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவது போல் பூச்சிக்கும் போட்டால், பின்னணி கருத்து, பூச்சி மட்டும் வெளுத்து, எந்த மலை, எந்த மாதம் என்று எதுவும் தெரியாது. பாடம் செய்து பெட்டியில் குத்திய பூச்சிக்கு அது பொருத்தம். வலசைப் படத்தில் வெயிலும் ஊரும் தெரிய வேண்டும். கூட்டமாக இரவு தங்கும் இடத்தில் ஃபிளாஷ் கூடவே கூடாது. கலைந்து எழுந்தால், வெயில் இல்லாத நேரத்தில் அவை சேமிப்பைச் செலவழித்துப் பறக்க வேண்டியிருக்கும்.

ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் ஆடாமல் அசையாமல் போஸ் கொடுக்குமாமே?
— பெயர் வேண்டாம் என்றவர், ஊரும் சொல்லவில்லை

பெயர் சொல்லாமல் தப்பித்தீர்கள். விறைத்துப்போய் ஓட முடியாமல் இருப்பதற்குப் பெயர் போஸ் இல்லை. அதிகாலையில் இயற்கையே உங்களுக்காக அதைக் குளிரவைத்து, பனித்துளியும் ஒட்டி, செலவில்லாமல் கிளையில் உட்காரவைத்திருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும். ஃபிரிட்ஜைத் தயிருக்கு விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் பூச்சிகள் எல்லாம் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?
— தேயிலைத் தோட்டத்து ஆசிரியை, ஹட்டன்

இலங்கையில் பருவத்தில் ஆயிரக்கணக்கில் வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகள் ஒரே திசையில் போவது உண்மை. மலையைக் கும்பிட்டு உயிர்விடப் போகின்றன என்பது நம்பிக்கை. யாத்திரைக் காலமான டிசம்பர் முதல் மே வரைக்குள்ளேயே பெரிய நகர்வுகளில் சில விழுவதால் நம்பிக்கைக்கும் கண்ணுக்கும் பொருத்தம் வந்துவிட்டது. உங்கள் நிலையில் நான் விவாதிக்க மாட்டேன், படம் எடுப்பேன். தேயிலையின் கரும்பச்சைச் சரிவு வெள்ளைப் பூச்சிக்குக் கிடைத்த மிகச் சிறந்த திரை. காலைச் சாய்வு வெயிலில், வெளிச்சம் +0.7, வைட் ஆங்கிள், பின்னணியில் அந்த மலையின் கூர்முனை. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே படத்தை மாட்டிக்கொள்ளலாம்.

இங்கே மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் வலசை பார்க்கக் கிடைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் நம் ஊர் வலசை சின்னதுதானே?
— மென்பொருள் பொறியாளர், டாலஸ்

தூரத்தில் சின்னதுதான். மோனார்க் கனடாவின் தெற்கிலிருந்து மெக்சிகோ வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். அக்டோபரில் டெக்சாஸ் வழியாகப் போவதால் நீங்கள் வீட்டு வாசலில் நின்றே எடுக்கலாம். மெக்சிகோவில் அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மிச்சோவகான் மலைக்காடு வெளியுலகத்துக்கு 1975-இல்தான் தெரியவந்தது. யுனெஸ்கோ 2008-இல் அதை உலக மரபுச் சின்னம் ஆக்கியது. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் ஊசியிலை மரங்களில் கிளை தாழும் அளவுக்குக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அங்கேயும் எஜமான் வெயில்தான். மேகம் இருந்தால் ஆரஞ்சு நிறமே தெரியாது, காய்ந்த இலைக் கொத்து மாதிரிச் சிறகை மூடித் தொங்கும். முற்பகலில் வெயில் கிளையைத் தொட்டதும் திறக்கும். அங்கே ஃபிளாஷுக்குத் தடை. போனால் பொறுமையாக மேகம் விலகும்வரை நில்லுங்கள்.

ஆனால் பெருமை தூரத்தில் மட்டும் இல்லை. மோனார்க்கின் பாதையை அங்கே சிறகில் லேபிள் ஒட்டிப் பல தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். நம் வரியன்கள் எந்த ஓடையில் தங்குகின்றன என்று இப்போதுதான் ஊர் ஊராக எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஊருக்கு வரும்போது உங்கள் கேமராவைக் கொண்டு வாருங்கள்.

அக்டோபரில் எங்கள் வயலுக்கு மேல் கூட்டமாகப் பறந்தவற்றை வண்ணத்துப்பூச்சி என்று படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தட்டான்!
— கிராம நிர்வாக உதவியாளர், தஞ்சாவூர்

வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு மாட்டியது இன்னும் பெரிய பயணியாக இருக்கலாம். நம் ஊர்த் தட்டான்களில் ஓர் இனம் வடகிழக்குப் பருவக்காற்றோடு சேர்ந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா போவதாக ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். கடலைத் தாண்டுகிற ஆசாமி வயலில் நின்று போட்டோவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தை அழித்துவிடவில்லையே?

இவ்வளவு எடுத்து என்ன பயன்? எல்லாம் ஸ்டேட்டஸில் இருபத்துநான்கு மணி நேரம்தான்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

தேதி, நேரம், இடம், போகும் திசை. இந்த நான்கையும் சேர்த்தால் ஸ்டேட்டஸ் ஆவணமாகிவிடும். தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்கும், கேமரா கடிகாரம் சரியாக இருந்தால். திசைக்குப் போனில் காம்பஸ் உண்டு. எண்ணிக்கைக்கு இரண்டு மரங்களை எல்லையாக வைத்து, ஐந்து நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுவதை எண்ணுங்கள். மணிக்கொரு முறை திரும்ப எண்ணுங்கள். எதிர்த்திசையில் போவதையும் தனியாகக் குறியுங்கள், அதை விட்டுவிட்டால் கணக்குப் பொய்த்துவிடும்.

தென்னிந்தியாவின் இந்த வலசையைப் பற்றி, எந்த இனம் எவ்வளவு, ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்தப் பக்கம் போகின்றன என்று வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே 2005-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு ஆய்வாளர் எல்லா ஊரிலும் நிற்க முடியாது. நீங்கள் கோபியில் நிற்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். வருடக்கணக்கில் வருகைப் பதிவேடு எடுத்த கைக்கு இது புதிதா என்ன?

மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி எடுக்கலாமா?
— லாரி டிரைவர், மேட்டுப்பாளையம்

ஓரமாக, வளைவு இல்லாத இடத்தில், இண்டிகேட்டர் போட்டு நிறுத்தலாம். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், சாலையிலிருந்தே எடுங்கள். உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள்: பருவத்தில் இவை பல சமயம் ஆள் உயரத்தில்தான் சாலையைக் கடக்கின்றன. ஈர மண்ணில் உப்பு உறிஞ்சும் ஆண்கள் தார் ஓரத்திலேயே கூட்டமாக உட்காரும். கண்ணாடியில் அடிபட்டுச் சாகும் பூச்சி வலசையின் பெரிய சோகம். வேகத்தைப் பாதியாக்கினால் கண்ணாடி சுத்தமாக இருக்கும், வைப்பர் தேயாது, பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். அடிக்கட்டும்.

ஐந்து பூச்சி இருந்த படத்தை ஏஐ மூலம் ஐநூறாக்கிவிட்டேன். லைக் குவிகிறது. தப்பா?
— வீடியோ எடிட்டர், சென்னை

லைக் போட்டவர்களில் யாராவது அந்த ஊருக்குப் பஸ் ஏறினால் டிக்கெட் காசை நீங்கள் கொடுக்கத் தயார் என்றால் தப்பில்லை. எண்ணிக்கை கணக்கில் சேரும் விஷயம். வெளிச்சம், நிறம், கத்தரிப்பு வரைக்கும் கை வையுங்கள். பூச்சியைக் கூட்டுவதும் கழிப்பதும் பருவமழையின் வேலை.

கூட்டத்தை எடுத்தால் தூசி மாதிரி இருக்கிறது, தனியாக எடுத்தால் வலசை என்றே தெரியவில்லை. இதற்கு முடிவே இல்லையா?
— ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

நீங்கள்தான் உண்மையான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பூவில் உட்கார்ந்த கருநீல வரியனைப் படம் எடுத்தால் அது ஒரு வண்ணத்துப்பூச்சி. வலசை தெரிய வேண்டுமென்றால் படத்தில் திசை இருக்க வேண்டும்.

24 மில்லிமீட்டர் வைட் ஆங்கிளில், எஃப் 11, 1/2000, அதற்கு ஏற்றபடி ஐஎஸ்ஓ வைத்து, தாழ உட்காருங்கள். அரை மீட்டரில் ஒரு பூச்சி பெரிதாக, சிறகுக் கோடு எண்ணும்படி. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து, அதே பக்கம் பார்த்தபடி, சிறியதாக. அதற்கும் பின்னால் அவை விட்டுவந்த மலை. அவை போகிற பக்கம் படத்தில் காலி இடம். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் முன்னால் இருப்பதன் நிறமும் பின்னால் இருப்பவற்றின் உருவமும் சேர்ந்து கிடைக்கும். ஆகாயத்தை மட்டும் எடுத்ததால்தான் தூசி. ஓவியம் படிக்கிறவருக்கு இதற்கு மேல் சொன்னால் மரியாதை இல்லை.

சீசன் முழுக்க கணவர் மொட்டை மாடியிலேயே இருக்கிறார். அவருக்கும் வலசை நோய் வந்துவிட்டதா?
— பாதிக்கப்பட்டவர், கோவை

நவம்பர் கடைசியில் கூட்டம் குறையும்போது இறங்கிவிடுவார். அதுவரை தண்ணீர், தொப்பி, பதினோரு மணிக்கு மோர் மேலே அனுப்பிவையுங்கள். அவர் ஆகாயத்தைப் பார்த்து எடுப்பார், கணக்கு எழுதக் கை இருக்காது. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களும் மேலே போய், இரண்டு மரத்துக்கு நடுவே கடப்பதை எண்ணுங்கள். படம் அவர் பெயரில் வரட்டும், எண்ணிக்கை உங்கள் பெயரில் ஏறும். எதிர்காலத்தில் ஆய்வாளர்கள் தேடப்போவது உங்கள் நோட்டைத்தான். இதை மட்டும் அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.